பங்கீட்டு நீதி: சமத்துவவாதிகள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். ஜான் ரால்ஸின் வேறுபாட்டுக் கொள்கைப்படி இது நியாயமா? சமத்துவம் பேசும் தத்துவவாதிகள் எல்லோரும் சமப் பங்குதான் கேட்கிறார்களா? கருத்தரங்குக்குக் கட்டுரை எழுத வேண்டும். எதை எடுத்துக்கொள்ளலாம்?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். இல்லை. எல்லோர் கையிலும் ஒரே தொகை இருக்க வேண்டும் என்று வாதாடுகிற ஆளை இந்தத் துறையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதைச் சமமாக்குவது, யாருக்கும் யாருக்கும் இடையே, எதற்காக? கடந்த ஐம்பது வருடத் தகராறு இதில்தான்.

இனி படகுப் பங்கு. தம்பி, அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் உங்கள் அப்பாவின் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1971-இல் வந்த 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' நூலில் அவர் எடுத்துக்கொண்டது சமூகத்தின் அடிப்படைக் கட்டமைப்பை. அரசியலமைப்பு, சொத்துச் சட்டம், சந்தை, வரி, குடும்பம் மாதிரியான பெரிய ஏற்பாடுகள்தான் அவருடைய பொருள். ஒரு படகுக்குள்ளேயோ ஒரு சங்கத்துக்குள்ளேயோ எப்படிப் பங்கு வைப்பது என்பதற்கு வேறுபாட்டுக் கொள்கையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்த முடியாது. தேர்வில் இந்தத் தப்பைச் செய்யாத மாணவர்கள் குறைவு.

அவருடைய யோசனை இப்படிப் போகிறது. ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சமூகத்தின் விதிகளை நாம் எல்லோரும் சேர்ந்து எழுதப் போகிறோம். விசைப்படகு முதலாளி வீட்டில் பிறப்போமா, பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்குப் பிறப்போமா, ஆணா பெண்ணா, என்ன சாதி, என்ன மதம், உடம்பில் தெம்பு இருக்குமா என்று எதுவுமே தெரியாது. அந்த நிலையில் எந்த விதிகளுக்கு ஒப்புக்கொள்வோம்? ரால்ஸின் பதிலில் முதலிடம் சமமான அடிப்படைச் சுதந்திரங்களுக்கு. அப்புறம் பதவிகளுக்கும் தொழில்களுக்கும் நியாயமான சம வாய்ப்பு. கடைசியில்தான் வேறுபாட்டுக் கொள்கை: ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவருக்கு வேறெந்த ஏற்பாட்டையும்விட அதிக நன்மை தர வேண்டும். இந்த வரிசை முக்கியம். அடித்தட்டுக்காரருக்குக் காசு கூடும் என்பதற்காக ஒருவரின் பேச்சுரிமையைப் பறிக்க ரால்ஸ் விடமாட்டார்.

நம் கரையில் இந்தக் கொள்கையைப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டால் விதிகளைப் பாருங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. அதன்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மானிய டீசல் விசைப்படகுக்கு நாட்டுப்படகைவிடப் பல மடங்கு லிட்டர் அதிகம். இவைதான் அடிப்படைக் கட்டமைப்பின் துண்டுகள். டீசல் மானியம் அடிமட்டத்தில் இருப்பவருக்குப் பயன்படுகிறதா என்று கேட்டால் அது ரால்ஸியக் கேள்வி.

யார் அந்த அடிமட்டம்? படகில் பங்கு வாங்குகிறவரைத் தாண்டிப் போக வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்திலும் மண்டபம் தொடங்கிக் கீழக்கரை வரையுள்ள கடலோர ஊர்களிலும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்தப் படகிலும் பங்கு கிடையாது. மரிக்கொழுந்துப் பாசி அகர் என்ற உறைபொருளுக்குப் போகிறது, கட்டக்கோரை அல்ஜினேட் என்ற பசைப்பொருளுக்கு. அவர்கள் நெடுங்காலமாகப் போய்வந்த தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா ஆயின. அதற்குப் பிறகு அங்கே போவதே தகராறு. பூங்கா வேண்டாம் என்று ரால்ஸை வைத்து வாதாட முடியாது. ஆனால் அதன் செலவை யார் தலையில் வைத்தோம் என்று கேட்க முடியும்.

உங்கள் படகுப் பங்குக்குப் பொருத்தமான ஆள் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜி. ஏ. கோஹன். ரால்ஸை இடதுபக்கத்திலிருந்து மடக்கியவர். திறமைசாலிக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் அவர் நன்றாக உழைப்பார், அதனால் ஏழைக்கும் நன்மை, ஆகவே அந்த ஏற்றத்தாழ்வு நியாயம் என்பது ரால்ஸ் வழி வந்த வாதம். கோஹன் ஒரு பிள்ளை பிடிக்கிறவனைக் கொண்டுவருகிறார். பிள்ளை பெற்றோரிடம் இருக்க வேண்டும், பணம் கொடுத்தால்தான் பிள்ளை திரும்பும், எனவே பணம் கொடுப்பது சரி. இதை வேறு யார் சொன்னாலும் சரியான வாதம். பிடித்தவனே வந்து சொன்னால்? பணம் கொடுத்தால்தான் திரும்பும் என்ற நிலைமையை உண்டாக்கியவனே அவன்தானே. பல இடங்களில் படகை ஓட்டும் டிரைவருக்கு ஆள் பங்குக்கு மேல் கொடுப்பது வழக்கம். மீன் கிடக்கும் இடம் அவருக்குத் தெரியும், காற்று மாறுவது தெரியும், பொறுப்பும் அவருடையது. "கூடக் கொடுக்காவிட்டால் வரமாட்டேன்" என்று அவர் சொன்னால் அது கடினமான வேலைக்கு ஈடா, அல்லது தன் கைத்திறனைக் காட்டிக் கேட்கும் விலையா? முதலாவது என்றால் கோஹனுக்கு மறுப்பில்லை. சுமை கூட என்றால் ஈடும் கூட, அதுவே சமத்துவம். இரண்டாவது என்றால் கூடவே வலை இழுக்கிற மச்சான் முகத்தைப் பார்த்து அந்த வாதத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். நீதி சட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது, நடந்துகொள்கிற விதத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. படகுப் பங்கைக் கட்டுரையில் வைப்பதானால் இங்கே வையுங்கள்.

இனி அமெரிக்கத் தத்துவவாதி ரொனால்ட் டுவொர்க்கின். 1981-இல் 'சமத்துவம் என்றால் என்ன' என்று இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். இரண்டாவதில் வரும் தீவு, நம் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லாத தீவு. கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவர்கள், அங்கிருக்கும் பொருள்களை நியாயமாகப் பிரித்துக்கொள்ள நினைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் கிளிஞ்சல். அதுதான் காசு. எல்லாப் பொருளும் ஏலத்துக்கு வருகிறது. அவரவர் விருப்பப்படி கேட்டு, 'அடுத்தவன் மூட்டை என் மூட்டையைவிட மேல்' என்று ஒருவருக்கும் தோன்றாத வரைக்கும் ஏலம் ஓடுகிறது. முடியும்போது ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது, ஆனால் யாருக்கும் பொறாமைப்படக் காரணம் இருக்காது. சமமானது வளம். அதை வைத்து யார் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது அவரவர் பாடு. விலை உயர்ந்த ருசி வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் ஈடு கட்ட வேண்டியதில்லை.

ஏலம் முடிந்த மறுநாளிலிருந்து வாழ்க்கை ஓடத் தொடங்கும். ஒருவர் உழைப்பார், ஒருவர் தூங்குவார், ஒருவர் படுத்த படுக்கையாவார். இங்கேதான் டுவொர்க்கின் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார். தெரிந்தே இறங்கிய துணிச்சலின் விளைவு ஒன்று, சூதாட்டம் மாதிரி. நம்மைக் கேட்காமல் தலையில் விழுவது இன்னொன்று, பிறவிக் குறைபாடு மாதிரி. முதலாவதன் லாப நட்டம் நம்முடையது. இரண்டாவதற்குச் சமூகம் ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு? யாருக்கு எது நேரும் என்று தெரியாத நிலையில், சராசரி மனிதர் அதற்கு எதிராக எவ்வளவுக்குக் காப்பீடு எடுத்திருப்பார் என்று கணக்கிட்டு அதை வரியாக வாங்கு என்கிறார். கெட்டிக்காரத்தனமான யோசனை. வலதுசாரிகளின் கையிலிருந்த தனிமனிதப் பொறுப்பு என்ற ஆயுதத்தைப் பிடுங்கிச் சமத்துவத்தின் பக்கம் திருப்பியவர் என்று கோஹனே பாராட்டியிருக்கிறார்.

கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிவு, அதிர்ஷ்டம் என்ற இந்தப் பிரிவினை நம் கடற்கரையில் வந்து நின்றால் கால் தடுமாறுகிறது என்பது என் எண்ணம். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போனது, ரயில் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அப்புறமும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். நாளைக்கு இன்னொரு புயல் வந்தால், தெரிந்துதானே இருந்தீர்கள் என்று கைகழுவலாமா? எரிக் ரகோவ்ஸ்கி என்ற தத்துவவாதி, ஆபத்தான இடம் என்று தெரிந்து குடியிருப்பவர் அந்த ஆபத்தின் நட்டத்துக்கு ஈடு கேட்க முடியாது என்கிற முடிவுக்கு வந்தார். தர்க்கம் சரிதான். ஆனால் எந்த மாற்று வழி கையில் இருந்ததால் அதைத் தெரிவு என்கிறோம்?

எல்லை தாண்டியதாகப் பிடிபடுகிற விசைப்படகையும் பாருங்கள். சிறைக்குப் போவது படகில் இருந்த எல்லோரும். எவ்வளவு தூரம் போவது என்று முடிவெடுத்தவர் டிரைவராக இருக்கலாம். மீன்பாடு இல்லாமல் திரும்பினால் டீசல் காசு யார் கொடுப்பது என்று கரையிலிருந்தே நெருக்கியவர் முதலாளியாக இருக்கலாம். கடைசி ஆளாக ஏறிய பையன் தெரிவு செய்தது கடலுக்குப் போவதை மட்டும்தான். அதையும் மூன்று தலைமுறைக்கு முன்னாலேயே யாரோ அவனுக்காகத் தெரிவு செய்துவிட்டார்கள். இதில் துணிச்சலின் பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த அதிகாரியாலும் முடியாது. முயன்றால் கேவலமான விசாரணையாகத்தான் அது முடியும்.

தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 1999-இல் எழுதிய 'சமத்துவத்தின் நோக்கம் என்ன' என்ற கட்டுரை அடிக்கிற அடி இங்கேதான் விழுகிறது. டுவொர்க்கின், கோஹன், ரகோவ்ஸ்கி வரிசைக்கு அதிர்ஷ்டச் சமத்துவவாதிகள் என்று பெயர் வைத்ததே அவர்தான். அவர்கள் சொல்கிற அரசாங்கம் ஈட்டுத் தொகையோடு ஒரு கடிதமும் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறார். உடற்குறை உள்ளவருக்கு, உங்கள் வாழ்க்கை எங்களுடையதைவிடத் தாழ்ந்தது, அதற்காக இந்தப் பணம் என்கிற பாணியில் ஒன்று. திறமை குறைந்தவருக்கு, நீங்கள் உற்பத்தி செய்வதற்குச் சந்தையில் மதிப்பில்லை, பாவம் என்கிற பாணியில் ஒன்று. குத்தலான எழுத்து. நிவாரணம் வாங்க வரிசையில் நின்று, தன் இயலாமையைத் தானே நிரூபித்துக்கொண்டிருந்த யாருக்கும் அந்தக் கடிதம் புதிதில்லை.

ஆண்டர்சனின் மாற்று: சமத்துவம் என்பது மனிதர்களுக்கு இடையே உள்ள உறவைப் பற்றியது. யாரும் யாரையும் அடக்கி ஆளாமல், சுரண்டாமல், தாழ்த்தி வைக்காமல், நிமிர்ந்து நின்று பேசக்கூடிய சமூகம்தான் இலக்கு. பொருளைப் பங்கிடுவது அதற்கான வழி. இதை நம் ஊரில் புரிந்துகொள்ள முன்பணத்தைப் பார்த்தால் போதும். வலை வாங்க, எஞ்சின் பழுது பார்க்க, பெண் கல்யாணத்துக்கு என்று வியாபாரியிடம் பணம் வாங்கியவர், பிடித்த நண்டையும் கணவாயையும் அந்த வியாபாரியிடமே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கே. பாசி எடுக்கிற பெண்களுக்கும் இதே கதைதான். டுவொர்க்கினின் கணக்கில் இதில் என்ன தப்பு? இரண்டு பேரும் மனமொப்பிச் செய்த ஒப்பந்தம். வருமானம்கூட ஒரு நல்ல வருடத்தில் மோசமாக இருக்காது. ஆனால் எடை போடும்போது தராசை ஒழுங்காகப் பிடிங்கண்ணே என்று சொல்லக் கடன்பட்டவருக்கு வாய் வராது. கிராம் கணக்கில் போகிற நண்டைவிட அந்தப் பேசாத வாய்தான் அநீதி என்கிறார் ஆண்டர்சன், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடாதீர்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது இதுதான். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அதை மறுத்துக்கொண்டு எத்தனை நாள் வாழப் போகிறோம் என்று கேட்டார். 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது அவர் தாகத்துக்கான லிட்டர் கணக்கைக் கேட்கவில்லை. மேற்கத்திய இதழ்களில் உறவுச் சமத்துவம் என்று இன்று எழுதுகிறவர்கள் அம்பேத்கரை மேற்கோள் காட்டுவது இப்போதுதான் மெல்லத் தொடங்கியிருக்கிறது. நம் மாணவர்களாவது தாமதிக்க வேண்டாம்.

ஆண்டர்சனிடம் குறை இல்லாமல் இல்லை. முன்பண உறவு கெட்டது என்று அவரால் சொல்ல முடியும். டீசல் மானியத்தை விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் எப்படிப் பிரிப்பது என்றால் கையை விரிப்பார். அந்த மாதிரி இடத்தில் ரால்ஸ் இல்லாமல் முடியாது, அமர்த்திய சென்னும் வேண்டும்.

சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் 'எதில் சமத்துவம்' என்று ஓர் உரை நிகழ்த்தினார். ஒரே வருமானத்தை எல்லோரும் ஒரே அளவு வாழ்க்கையாக மாற்ற முடியாது என்பது அவர் ரால்ஸுக்குச் சொன்ன பதில். ஆகவே பார்க்க வேண்டியது ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி இருக்க முடிகிறது என்பதை. ராமநாதபுரத்துக்காரருக்கு இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊறுகிற கடலோர ஊரில் குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீட்டின் பத்தாயிரம் ரூபாயும், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற ஊரின் பத்தாயிரம் ரூபாயும் ஒன்றா? குடம் தூக்குகிற நேரம் யாருடையது என்ற கேள்வி வேறு. இன்னொன்றையும் சென் கவனித்தார். இல்லாமையிலேயே வளர்ந்தவர், எனக்கென்ன குறை என்று சொல்லப் பழகிவிடுவார். அவர் சந்தோஷத்தை அளந்து நீதியைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம்.

இன்னும் இரண்டு தத்துவவாதிகள், பார்ஃபிட்டையும் ஃபிராங்க்ஃபர்ட்டையும் ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். சமத்துவமே லட்சியம் என்றால், பார்வையுள்ளவர்கள் கண்ணைக் குருடாக்கினாலும் ஒரு விதத்தில் முன்னேற்றம் என்று ஆகிவிடுமே என்று டெரக் பார்ஃபிட் மடக்கினார். இடைவெளியை விட்டுவிடு, கீழே இருப்பவருக்கு முன்னுரிமை கொடு என்பது அந்தத் தொல்லையில்லாத மாற்று வழி. ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1987-இல், எல்லோருக்கும் போதுமானது இருக்கிறதா என்று மட்டும் பார், அடுத்தவரிடம் எவ்வளவு இருந்தால் உனக்கென்ன என்றார். வியாபாரியின் தராசு முன்னால் நிற்பவருக்கு அந்த 'உனக்கென்ன' எடுபடாது என்பதுதான் என் குறை.

சமத்துவவாதியே இல்லாத ராபர்ட் நோசிக்கையும் படிக்காமல் விடாதீர்கள். 1974-இல் அவர் எழுதிய நூலில் ஒரு கேள்வி இருக்கிறது. என் டப்பாவிலிருக்கும் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றுகிறேன், அது கடல் முழுக்கக் கலக்கிறது. கடல் எனக்குச் சொந்தமாகுமா, சாற்றை வீணாக்கிய முட்டாள் ஆவேனா? உழைப்பைக் கலந்தால் பொருள் சொந்தமாகும் என்ற ஜான் லாக்கின் வாதத்தை நோசிக் இப்படிச் சோதித்தார். மற்றவருடைய நிலைமை மோசமாகாத வரைக்கும்தான் பொதுவில் கிடப்பதை ஒருவர் சொந்தமாக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஹிலெல் ஸ்டெய்னர் போன்ற இடதுசாரிச் சுதந்திரவாதிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, இயற்கை வளத்தில் எல்லோருக்கும் சம உரிமை, எடுத்துக்கொள்கிறவர் மற்றவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றார்கள். மடிவலை போட்டு அடியோடு வாரிக்கொண்டு போகிறவர் யாருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அங்கிருந்து தொடங்கலாம். (கடல் என்றதும் இன்னொன்று. கலிஃபோர்னியாவின் மலிபு கடலில் நாள் முழுக்க அலைச்சறுக்கு விளையாடுகிறவர் தன் சோற்றுக்குத் தானே வழி தேட வேண்டும் என்று ரால்ஸ் 1988-இல் எழுதினார். அவருக்கும் சோறு போட வேண்டும் என்று 1991-இல் ஃபிலிப் வான் பரைஸ் பதில் எழுதினார். எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் ஒரு தொகை என்று இன்று பேசுகிற அடிப்படை வருமானத்துக்கு அந்தப் பதில் முக்கியமான வாதம்.)

எல்லோரையும் திணறடிக்கிற இடம் எல்லைக் கோடு. ரால்ஸின் வேறுபாட்டுக் கொள்கை ஒரு நாட்டுக்குள் நின்றுவிடும். 1999-இல் வந்த 'மக்களினங்களின் சட்டம்' நூலில் அயல்நாட்டுக்கு உதவும் கடமை உண்டு, பங்கீட்டுக் கடமை இல்லை என்று தெளிவாகவே சொன்னார். அந்த நூலுக்கு முன்பே சார்ல்ஸ் பைட்ஸ் 1979-இலும், ரால்ஸின் மாணவர் தாமஸ் போகே 1989-இலும் அதை மறுத்து, பொருளாதாரம் எல்லை தாண்டினால் நீதியும் தாண்ட வேண்டும் என்றார்கள். பாக் நீரிணையில் மீன் எல்லை பார்ப்பதில்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. போர்க்காலத்தில் தொழில் முடங்கிக் கிடந்த யாழ்ப்பாணத்து, மன்னார்க் கரைத் தமிழ் மீனவர்கள் 2009-க்குப் பிறகு வலையோடு திரும்பினார்கள். இந்தப் பக்கத்து விசைப்படகு தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதாக அவர்கள் புகார் சொல்கிறார்கள். 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பைட்ஸ் சொல்வதை ஏற்றுக்கொண்டு பாக் நீரிணை முழுவதையும் ஒரே ஏற்பாடாகப் பார்த்தால், அடிமட்டத்தில் இருப்பவர் அக்கரையில் இருக்கக்கூடும். ராமேஸ்வரம் துறைமுகத்தில் நின்று இதைச் சொன்னால் யாரும் டீ வாங்கித் தர மாட்டார்கள். சிறையிலடைக்கப்பட்ட நம் ஆட்களின் துன்பமும் உண்மை, அறுந்த வலையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வாதமாகாது.

கட்டுரைக்கு எல்லைப் பிரச்சினையை எடுக்க வேண்டாம், அது தனி நூலளவுக்கு விரியும். முன்பணத்தை எடுங்கள். முதலில் ஆண்டர்சனின் 1999 கட்டுரையைப் படியுங்கள். அப்புறம் டுவொர்க்கினின் இரண்டாவது கட்டுரையில் ஏலம், காப்பீடு வருகிற பகுதி மட்டும் போதும். முன்பணம் வாங்கியவர்கள் நாலு பேரிடமும், கொடுக்கிற வியாபாரி ஒருவரிடமும் பேசுங்கள். வியாபாரியை வில்லனாக்கிவிடாதீர்கள். வங்கி கொடுக்காத நாளில் கொடுத்தவர் அவர்தான், அவருக்கு மேலே ஏற்றுமதிக் கம்பெனியிடம் கைநீட்டி நிற்பவரும் அவர்தான். அப்பாவிடம் கேட்கும்போது தொகையைக் கேட்காதீர்கள், யாரிடம் எதைச் சொல்லத் தயங்குவார் என்று கேளுங்கள்.